படத்தின் பின்புறம் எழுதிய பெயர்: உலகெங்கும் அருட்பணியைப் பதிவுசெய்த கேமராக்கள்

1904ஆம் ஆண்டு மே 14. மத்திய ஆப்பிரிக்காவில், காங்கோ ஆற்றுப் படுகையின் உட்பகுதியில் உள்ள பாரிங்கா என்ற ஊரின் கிறிஸ்துவ அருட்பணி நிலையத்துக்கு நிசலா என்பவர் வந்தார். கையில் இலைகளால் சுற்றிய ஒரு சிறு பொதி இருந்தது. பிரித்துப் பார்த்தபோது அதனுள் ஒரு குழந்தையின் கையும் பாதமும் இருந்தன. அவை அவருடைய ஐந்து வயது மகள் போவாலியுடையவை. ரப்பர் நிறுவனத்தின் ஆயுதக் காவலர்கள் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றுவிட்டிருந்தனர். மகளின் உடலில் தந்தைக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

நிலையத்தில் இருந்த ஆங்கிலேய மிஷனரி ஆலிஸ் சீலி ஹாரிஸ், நிசலாவைத் திண்ணையில் உட்காரச் சொல்லிக் கேமராவை எடுத்தார். அப்போது எடுத்த படத்தில் நிசலா அழவில்லை. கேமராவையும் பார்க்கவில்லை. தமக்கு முன்னால் கிடக்கும் அந்தச் சின்னக் கையையும் பாதத்தையும் பார்த்தபடி அசையாமல் அமர்ந்திருக்கிறார்.

அருட்பணியைப் பற்றி உலகெங்கும் எடுக்கப்பட்ட லட்சக்கணக்கான படங்களில் வரலாற்றை அசைத்தவை என்று சொல்லத்தக்கவை மிகச் சில. அவற்றுள் இது முதலிடத்தில் வரும். படத்தின் கொடூரம் மட்டும் அதற்குக் காரணமன்று. அந்தத் தந்தையின் பெயர், மகளின் பெயர், வயது, ஊர், நாள், குற்றம் செய்தவர்கள் எந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பது வரை படத்தோடு சேர்த்தே எழுதி வைக்கப்பட்டிருந்தன. மறுக்க நினைத்தவர்களுக்கு அந்தக் குறிப்பு இடம் கொடுக்கவில்லை.

கேமரா கப்பலேறிய காலம்

புகைப்படக் கலை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மிஷனரிகளின் பெட்டிகளில் பைபிளோடும் மருந்துகளோடும் கேமராவும் இடம்பிடித்துவிட்டது. லண்டன் மிஷனரி சங்கத்தின் வில்லியம் எல்லிஸ் 1853இல் மடகாஸ்கருக்குப் புறப்படும்போது கேமரா கொண்டுபோனார். அங்கே முதலாம் ரணவலோனா அரசியின் ஆட்சி கிறிஸ்துவத்தைத் தடைசெய்திருந்தது. எல்லிஸ் தலைநகர் அந்தனனரிவோவுக்குள் நுழைய 1856 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கள் உருவம் கண்ணாடித் தகட்டில் எழுந்து வருவதைக் காண உள்ளூர் மக்கள் ஆவலோடு திரண்டனர். போதகம் செய்ய முடியாத இடத்தில் கேமரா அவருக்கு அறிமுகக் கடிதமாக இருந்தது.

அந்நாளில் படமெடுப்பது எளிய வேலையன்று. 'ஈரத் தகடு' முறையில், கண்ணாடித் தகட்டில் ரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியும் ஆக வேண்டும். வெப்பமண்டலத்தில் தகடு நிமிடங்களில் காய்ந்துவிடும். பூச்சியும் தூசியும் வந்து ஒட்டிக்கொள்ளும். கூடாரமே இருட்டறை. 1871இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் கண்டறிந்த ஜெலட்டின் 'உலர் தகடு' முறை வந்த பிறகுதான் தகடுகளை முன்கூட்டியே தயாரித்துப் பெட்டியில் கொண்டுபோக முடிந்தது. 1888இல் கோடாக் சுருள்கேமரா வந்தது. அதன் பிறகு ஆசிரியை, தாதி, தச்சுத் தொழில் கற்பிக்க வந்தவர் எனப் பலரும் படமெடுக்கத் தொடங்கினர். அருட்பணிப் படங்களில் பலவற்றை யார் எடுத்தது என்று தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எதற்காக எடுத்தார்கள்? பெரும்பாலும் பணத்துக்காக. இதைக் குறையாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளியும் மருத்துவமனையும் நடத்த ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த சபையார் காசு கொடுத்தாக வேண்டும். கொடுத்த காசு எங்கே போனது என்று அவர்களுக்குக் காட்டவும் வேண்டும். மாத இதழ்கள், அஞ்சலட்டைகள், ஞாயிறு பள்ளிப் பரிசுச் சீட்டுகள் என எல்லாவற்றிலும் படம் வந்தது. அவற்றையெல்லாம்விடக் கூட்டம் சேர்த்தது 'மேஜிக் லேன்டர்ன்' என்ற படவிளக்கு. சுமார் எட்டேகால் சென்டிமீட்டர் சதுரக் கண்ணாடி வில்லையில் அச்சிட்ட படத்தை விளக்கொளியில் பெரிய திரையில் காட்டுவார்கள். ஊர் மண்டபத்தில் விளக்கணைத்து, போதகர் ஒவ்வொரு படத்துக்கும் கதை சொல்வார். முடிவில் காணிக்கைப் பை சுற்றி வரும். திரைப்படம் பரவுவதற்கு முன் மக்களைக் கட்டிப்போட்ட காட்சி அதுதான்.

காணிக்கைக்காக எடுக்கும் படத்தில் ஆசை கலப்பது இயல்பு. லண்டனின் கிழக்குப் பகுதியில் ஆதரவற்ற சிறுவர்களுக்காக இல்லம் நடத்திய தாமஸ் பர்னார்டோ, ஒரே பிள்ளையை 'வந்தபோது', 'இப்போது' என்று இரண்டு நிலைகளில் படமெடுத்து அட்டைகளாக விற்றார். முதல் படத்தில் கந்தல் உடையோடு இருக்கும் பிள்ளை, அடுத்ததில் சீருடையோடு தொழில் கற்கும். படங்களுக்காகவே உடையைக் கந்தலாக்கினார்கள் என்ற புகார் எழுந்து விவகாரம் 1877இல் நடுவர் விசாரணை வரை போனது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து பர்னார்டோ தப்பினார். புனைந்தெடுத்த படங்களை மட்டும் நடுவர்கள் கண்டித்தனர். அந்த வழக்கத்தை அவர் நிறுத்திக்கொண்டார். 'முன்னும் பின்னும்' காட்டும் பட உத்தி மட்டும் அவரோடு நிற்கவில்லை. ஆப்பிரிக்கா, சீனா, இந்தியா என எல்லா மிஷன் இதழ்களிலும் அது தொடர்ந்தது.

ரப்பரும் கைகளும்

ஆலிஸ் சீலி 1870இல் இங்கிலாந்தின் மாம்ஸ்பரியில் பிறந்தவர். 1898 மே மாதம் ஜான் ஹாரிஸை மணந்து, நான்கே நாளில் கணவரோடு காங்கோவுக்குக் கப்பலேறினார். இருவரும் காங்கோ பலோலோ மிஷனைச் சேர்ந்தவர்கள். பள்ளி நடத்துவது, ஞாயிறு ஆராதனை, நோயாளிகளைப் பார்ப்பது ஆகியவைதான் அவருடைய வேலை. மற்ற மிஷனரிகளைப் போலவே அவரும் சபையாருக்கு அனுப்பப் படங்கள் எடுத்தார்.

அப்போது காங்கோ எந்த நாட்டின் குடியேற்றமுமன்று. பெல்ஜிய அரசர் இரண்டாம் லியோபோல்ட் 1885 முதல் அதைத் தம் சொந்தச் சொத்தாகவே வைத்திருந்தார். பெயர் மட்டும் 'காங்கோ சுதந்திர நாடு'. சைக்கிள் டயரும் மோட்டார் வாகனமும் பெருகப் பெருக உலகச் சந்தையில் ரப்பரின் விலை ஏறியது. ஏ.பி.ஐ.ஆர். போன்ற நிறுவனங்களுக்குக் காட்டுப் பகுதிகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. ஒவ்வோர் ஊரும் இத்தனை எடை ரப்பர் கொண்டுவர வேண்டும் என்று கணக்கு. குறைந்தால் பிணைக்கைதிகள், சவுக்கடி, துப்பாக்கிச் சூடு. தோட்டாக்களை வேட்டைக்கு வீணாக்கவில்லை என்று காட்ட, சுட்டவரின் வலது கையை வெட்டி வந்து கணக்குக் கொடுக்கும் வழக்கம் படையினரிடையே பரவியது.

பால்மரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மலேசியத் தமிழருக்கு இங்கே ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். காங்கோவில் வரிசையாக நட்ட மரங்கள் இல்லை. ரப்பர், காட்டு மரங்களில் படர்ந்த கொடிகளில் இருந்தது. அருகிலிருந்த கொடிகள் வற்றிப்போகப் போக ஆண்கள் இன்னும் உள்ளே, நாள்கணக்கில் காட்டுக்குள் போக வேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில்தான் மலாயாவில் பிரேசிலிய ரப்பர் கன்றுகள் ஏக்கர் கணக்கில் நடப்பட்டு, அவற்றில் பால்வெட்டத் தமிழகத்திலிருந்து ஆள்கள் கப்பலேற்றப்பட்டார்கள். 1910களில் தோட்ட ரப்பர் பெருகியதும் காட்டு ரப்பரின் சந்தை சரிந்தது. காங்கோக் கொடியும் மலாயா மரமும் ஒரே விலைப்பட்டியலில் மோதிக்கொண்டன.

நிசலாவின் படம் அதே 1904இல் எட்மண்ட் மோரல் எழுதிய 'ஆப்பிரிக்காவில் லியோபோல்ட் அரசரின் ஆட்சி' என்ற நூலில் அச்சானது. மோரல் லிவர்பூலில் ஒரு கப்பல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். காங்கோவிலிருந்து வரும் கப்பலில் ரப்பரும் தந்தமும், திரும்பும் கப்பலில் துப்பாக்கியும் தோட்டாவும் இருப்பதைக் கண்டு, விலை கொடுத்து வாங்காத பொருள் இது என்று உணர்ந்தவர். பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கையும் 1904இல்தான் வெளிவந்தது. இருவரும் கூடிக் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்க, மிஷனரிகள் எடுத்த படங்கள் அதன் கைக்கு வந்தன.

ஹாரிஸ் தம்பதியர் 1906இல் அமெரிக்காவுக்குச் சென்று 49 நகரங்களில் 200க்கும் மேற்பட்ட கூட்டங்களில் பேசினர். பிரிட்டனில் ஊர் ஊராகப் படவிளக்குக் கூட்டங்கள் நடந்தன. 60 வில்லைகள் கொண்ட தொகுப்பும் அதற்கான உரையும் தயாரிக்கப்பட்டு, வேறு பேச்சாளர்களும் பயன்படுத்தினர். மிஷனுக்குக் காணிக்கை திரட்டப் பழக்கப்படுத்திய அதே விளக்கு, அதே இருண்ட மண்டபம், அதே ஞாயிறு பள்ளிக் கூட்டம். இந்த முறை திரையில் தெரிந்தவை வெட்டுண்ட கைகள். அமெரிக்க எழுத்தாளர் மார்க் டுவைன் 1905இல் லியோபோல்ட் தாமே பேசுவதுபோல் ஓர் அங்கதப் பிரசுரம் எழுதினார். தாம் பணம் கொடுத்து வாயடைக்க முடியாத ஒரே சாட்சி கோடாக் கேமராதான் என்று அதில் அரசர் நொந்துகொள்வார். 1908 நவம்பரில் காங்கோ லியோபோல்டிடமிருந்து பெல்ஜிய அரசாங்கத்தின் கைக்கு மாறியது. கட்டாய வேலை அதோடு ஒழிந்துவிடவில்லை. தனியொருவரின் சொத்தாக ஒரு தேசம் இருந்த நிலை மட்டும் முடிந்தது.

ஆலிஸின் படக்குறிப்புகளில் இருந்த நிதானம் கவனிக்கத்தக்கது. மோலா, யோக்கா என்ற இரு இளைஞர்களின் படம் ஒன்று உண்டு. இருவருக்கும் கையில் ஊனம். பார்ப்பவர் இரண்டையும் வெட்டியதாகவே நினைத்துக்கொள்வார். கூட்டத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். குறிப்போ வேறு வேறாகச் சொல்கிறது. யோக்காவின் வலது கையைக் காவலர்கள் வெட்டினர். மோலாவின் கைகளை மிக இறுக்கிக் கட்டியதால் அவை அழுகிப்போயின. எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பெரிதாகச் சொல்லாததால்தான், மறுதரப்பு வழக்கறிஞர்கள் வந்தபோதும் அந்தப் படங்கள் நின்றன.

கேமரா மட்டுமே சாட்சியாக இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1904 டிசம்பரில் அரசர் அனுப்பிய விசாரணைக் குழு பாரிங்காவுக்கு வந்தபோது, லொன்டுலு என்ற ஊர்த் தலைவர் 110 குச்சிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு குச்சியும் ரப்பருக்காகக் கொல்லப்பட்ட ஒருவர். தலைவர், ஆண், பெண், குழந்தை என்று காட்டக் குச்சிகளின் நீளம் வேறுபட்டிருந்தது. படமும் எழுத்தும் இல்லாதவர் தயாரித்த ஆவணம் அது. ஆலிஸின் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் அந்தக் குச்சிகளைச் சொல்லாமலே கடந்துபோகிறார்கள்.

பெயரில்லாத முகங்கள்

நிசலாவின் படத்துக்கு எதிரான கேள்விகளும் பழையவைதான். மகளை இழந்த ஒருவரைத் திண்ணையில் உட்காரவைத்துப் படமெடுத்தது முறையா? படம் உலகைச் சுற்றப்போவது அவருக்குத் தெரியுமா? ஆப்பிரிக்கர் எப்போதும் துன்பப்படுகிறவராக, வெள்ளையர் எப்போதும் காப்பவராகவே தெரியும் ஒரு பார்வையை இந்தப் படங்கள் வளர்க்கவில்லையா? வரலாற்றாய்வாளர்கள் இவற்றை இன்றுவரை விவாதிக்கிறார்கள். படம் நன்மை செய்தது என்பதால் இந்தக் கேள்விகள் இல்லாமல் போய்விடா.

அருட்பணிப் படங்களில் பெரும்பகுதியின் நிலை இதைவிட மோசம். அவற்றில் மிஷனரிக்குப் பெயர் உண்டு. அவர் மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சில சமயம் குதிரைக்கும் பெயர் உண்டு. பக்கத்தில் நிற்கும் உபதேசியார், ஆயா, சமையல்காரர் ஆகியோர் 'எங்கள் வேலையாட்கள்' என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போவார்கள். தமிழரும் இதற்கு விலக்கில்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அன்று அச்சான அஞ்சலட்டைகளில் 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலி' என்ற குறிப்புகளுக்கு மேல் எதுவும் இருக்காது. மூக்குத்தியும் பாம்படமும் துல்லியமாகத் தெரியும். அணிந்திருந்தவர் யார் என்பது தெரியாது. நடுகல்லில்கூட விழுந்த வீரனின் பெயரைப் பொறித்து வைத்த சமூகத்துக்கு இது சிறிய இழப்பன்று.

இதற்கு மாறாக நடந்தவரும் உண்டு. சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட பாசல் மிஷனின் ஆசிரியை அன்னா வூர்மன், 1911இல் கேமரூனில் உள்ள பாமும் அரசின் தலைநகரான ஃபூம்பானுக்குச் சென்றார். அந்த அரசின் மன்னர் இப்ராஹிம் நிஜோயா தம் மொழிக்கென ஒரு புதிய எழுத்துமுறையையே உருவாக்கியவர். வூர்மன் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தினார். அரண்மனைப் பெண்கள், மாணவிகள், முதியவர்கள் எனத் தமக்குத் தெரிந்தவர்களைப் படமெடுத்தார். 'இந்த இனத்தவர் இப்படித்தான் இருப்பர்' என்று காட்ட முன்னும் பக்கவாட்டிலும் நிறுத்தி எடுக்கும் அக்கால வழக்கத்தை அவர் பின்பற்றவில்லை. நெருங்கி, முகத்தை மட்டும் எடுத்தார். இன்னார் இன்னாருடைய மகள் என்ற அளவுக்கு அவர்களை அறிந்திருந்தார். பெயரும் குறித்தார். முதல் உலகப் போரின்போது, 1915இல் பிரிட்டிஷ் படை ஃபூம்பானைப் பிடிக்க, பாசல் மிஷனரிகள் வெளியேற்றப்பட்டனர். நான்கு ஆண்டுகளில் அவர் எடுத்த முகங்கள் இன்று பாமும் வரலாற்றை எழுதுவோருக்குக் குடும்ப ஆல்பம் போலப் பயன்படுகின்றன.

போர்க்காலத்தில்

அதே 1915இல் ஓட்டோமான் பேரரசின் மூஷ் நகரில் நார்வே நாட்டுத் தாதி ஒருவர் இருந்தார். அவர் பெயர் பூடில் பியோர்ன். 1905 முதல் அந்தப் பேரரசில் மகளிர் மிஷன் அமைப்பு ஒன்றின் சார்பில் மருத்துவமும் ஆதரவற்றோர் பள்ளியும் பார்த்துவந்தார். பள்ளி ஆசிரியர், மாணவர், உள்ளூர்ப் போதகர், அவர் குடும்பம் என அன்றாட வாழ்வைத்தான் அவர் கேமரா பதிந்தது. பின்னர் ஆர்மீனியர் மீதான படுகொலை நடந்தது. மூஷின் ஆர்மீனிய சமூகம் அழிந்துபோனது.

பூடில் ஒரு வேலை செய்தார். படங்களின் பின்புறத்தில் சிறு குறிப்புகள் எழுதினார். யார் இவர், எங்கே வேலை பார்த்தார், என்ன ஆனார். அதற்கு முன்புவரை வெறும் பள்ளிக் குழுப் படமாக இருந்தது, குறிப்பு சேர்ந்ததும் இறந்தவர்களின் பட்டியலாக மாறியது. ஓர் ஆர்மீனியச் சிறுவனை அவர் தம் மகனாக வளர்த்தார். பிற்பாடு ஆர்மீனியாவிலும் சிரியாவின் அலெப்போவிலும் அகதிப் பிள்ளைகளிடையே பணிபுரிந்து 1935இல் நாடு திரும்பினார். அவர் படங்கள் இப்போது நார்வேயின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

நான்ஜிங்கில் நடந்தது இன்னும் அண்மையது. 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை நகரைப் பிடித்தபோது அங்கேயே தங்கிவிட்ட ஒரு சில வெளிநாட்டவரில் அமெரிக்க எபிஸ்கோப்பல் திருச்சபைக் குரு ஜான் மெகீயும் ஒருவர். 1912 முதல் அந்நகரில் பணிபுரிந்தவர். செஞ்சிலுவைக் குழுவுக்குத் தலைமை வகித்துக் காயமுற்றவர்களை மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டே, 16 மில்லிமீட்டர் சலனப்படக் கேமராவால் ரகசியமாகப் பதிவும் செய்தார். இங்கே கேமரா அசையும் படம் எடுத்தது. முறை பழையதுதான். ஒவ்வொரு காட்சிக்கும் அந்த நோயாளிக்கு எங்கே, எப்போது, என்ன நேர்ந்தது என்ற குறிப்பு சேர்க்கப்பட்டது.

ஒய்.எம்.சி.ஏ.வைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபிட்ச் 1938 தொடக்கத்தில் அந்தச் சுருள்களைத் தம் மேலங்கியின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டு, ஜப்பானியச் சிப்பாய்கள் நிறைந்த ரயிலில் ஷங்ஹாய் போய்ச் சேர்ந்தார். பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யூகிப்பது கடினமன்று. அந்த ஆண்டு மே மாதம் 'லைஃப்' இதழில் சில காட்சிகள் படங்களாக வெளிவந்தன. 1946இல் தோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் மெகீ சாட்சி சொன்னார். அவர் படமெடுத்தவர்களில் கருவுற்றிருந்த 19 வயதுப் பெண் லீ சியுயிங்கும் ஒருவர். துப்பாக்கி முனைக் கத்தியால் பலமுறை குத்தப்பட்டு உயிர்பிழைத்த அவர், நடந்தவை பொய் என்று எழுதியவர்களுக்கு எதிராகத் தம் முதுமைவரை பேசினார். 2004இல் காலமானார். நான்ஜிங் படுகொலை ஆவணங்கள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. மெகீயின் கேமரா நான்ஜிங் நினைவு மண்டபத்தில் இருக்கிறது.

இன்றைய கேமரா

இப்போது அருட்பணிக்குப் போகும் இளையர் எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. ஒரு வாரப் பயணத்தில் எடுக்கும் படங்கள் எல்லிஸ் தம் வாழ்நாளில் எடுத்தவற்றைவிட அதிகம். அதனால் சிக்கலும் அதிகம். 1989இல் ஐரோப்பிய அரசு சாரா அமைப்புகள், வறிய நாட்டு மக்களைப் படமெடுத்து வெளியிடுவது குறித்து ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டன. எத்தியோப்பியப் பஞ்சத்தின்போது ஈ மொய்க்கும் குழந்தைகளின் படங்கள் உலகெங்கும் போனதற்குப் பின் எழுந்த விவாதத்தின் விளைவு அது. 2006இல் அது திருத்தி எழுதப்பட்டது. படத்தில் இருப்பவரின் ஒப்புதல், அவருடைய மதிப்பு, முடிந்தால் அவர் பெயர் ஆகியவை அதன் அடிப்படைகள்.

பெயரே ஆபத்தாகும் இடங்களும் உள்ளன. மதமாற்றம் குற்றமாகக் கருதப்படும் நாடுகளில் பணிபுரியும் அமைப்புகள் முகத்தை மறைத்தும், முதுகுப்புறமாக எடுத்தும், ஊர்ப் பெயரை நீக்கியும்தான் படங்களை வெளியிடுகின்றன. ஒரு காலத்தில் அலட்சியத்தால் விடுபட்ட பெயர் இப்போது பாதுகாப்புக்காக விடப்படுகிறது. வெளியிடும் பிரதியில் பெயரை நீக்கிவிட்டுப் பூட்டிய கோப்பில் பெயரோடு சேமிப்பது இதற்கு ஒரு வழி. எத்தனை குழுக்கள் அதைச் செய்கின்றன என்பது வேறு விஷயம்.

எங்கே தேடலாம்?

பழைய அருட்பணிப் படங்களைப் பார்க்க இப்போது கப்பலேற வேண்டியதில்லை. அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 'அனைத்துலக அருட்பணிப் புகைப்படக் காப்பகம்' என்ற மின்தொகுப்பை இலவசமாகத் திறந்து வைத்துள்ளது. ஐரோப்பிய, அமெரிக்க மிஷன்கள் பலவற்றின் சேகரிப்புகள் அதில் ஒன்றுசேர்ந்துள்ளன. பாசல் மிஷன் தன் காப்பகத்தைத் தனியாகவும் இணையத்தில் தருகிறது. அதில் கேரளம், கர்நாடகம், போர்னியோ, சீனா, கானா, கேமரூன் படங்கள் கிடைக்கும்.

தமிழருக்கு மிக நெருக்கமானது லைப்சிக் மிஷனின் சேகரிப்பு. 1840களில் தரங்கம்பாடிப் பணியை டேனியரிடமிருந்து ஏற்ற ஜெர்மானியர்கள், முதல் உலகப் போரில் வெளியேற்றப்படும்வரை சோழநாட்டு ஊர்கள் பலவற்றில் இருந்தனர். கோயில் தேர், நெசவு, பள்ளித் திண்ணை, திருமண ஊர்வலம், கிறிஸ்துவக் குடும்பங்கள் எனப் பலவற்றைப் படமெடுத்தனர். அந்தச் சபைகளிலிருந்து மலாயாவுக்கு வந்தவர்கள்தாம் இங்குள்ள தமிழ் லுத்தரன் சபைகளின் முன்னோர்.

மெதடிஸ்ட் மிஷனின் பட ஆல்பங்கள் அமெரிக்காவின் நியூஜெர்சியில் அத்திருச்சபையின் ஆவண மையத்தில் உள்ளன. 1885இல் வில்லியம் ஓல்டம் சிங்கப்பூரில் தொடங்கிய பணி அதில் பதிவாகியிருக்கிறது. ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். இரண்டே ஆண்டில், 1887இல் சிங்கப்பூரில் தமிழ் மெதடிஸ்ட் சபையும் எழுந்தது.

தேடும்போது எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். தரங்கம்பாடி என்று தேடினால் ஒன்றும் வராது. 'டிராங்க்யூபார்' என்று தேட வேண்டும். அதுபோலவே 'டிரிச்சினாபோலி', 'டாஞ்சூர்'. பழைய ஜெர்மன் குறிப்புகளில் தமிழர் 'தமூலன்' என்றே வருவார்கள். நம் ஊர்களுக்கும் இதே கதைதான். கிள்ளான் துறைமுகம் 'போர்ட் ஸ்வெட்டன்ஹாம்', தெலுக் இந்தான் 'தெலுக் ஆன்சன்'. ஒரு வியப்பு என்னவென்றால், மெதடிஸ்ட் ஆவணங்களில் 'மலேசியா' என்ற சொல் நாடு பிறப்பதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிடுகிறது. 'மலேசியா மெசேஜ்' என்ற அவர்களுடைய இதழே 1891இல் தொடங்கியது. ஆகவே அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர், சரவாக், ஜாவா படங்கள் எல்லாம் சேர்ந்தே வரும்.

படம் கிடைத்ததும் முன்புறத்தோடு நிறுத்திவிடாமல், பின்புறமும் மின்வருடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பென்சிலால் எழுதிய ஓர் ஊர்ப் பெயர், சபைப் பெயர், 'இடமிருந்து மூன்றாவது' என்ற குறிப்பு ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இங்குள்ள தமிழ்ச் சபைகளின் ஆண்டுவிழா மலர்களில் அதே குழுப் படம் பெயர்ப் பட்டியலோடு அச்சாகியிருக்கவும் வாய்ப்புண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளிநாட்டுக் காப்பகத்தில் 'தமிழ்ப் பள்ளி மாணவியர்' என்று மட்டும் இருக்கும் படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று சொல்லிவிட முடியும்.